மூலையில் ஒரு குட்டி அம்பு

மாதக் கடைசி ஞாயிறு எனக்கு பேக்கப் நாள். டெஸ்க்டாப்பில் 'முக்கியம்' என்று ஒரு ஃபோல்டர். சான்றிதழ், வீட்டுப் பத்திரம், வரிக் கணக்கு, பிள்ளைகள் படங்கள் எல்லாம் அதற்குள். பென்டிரைவைச் செருகி, தேதி போட்டு, இழுத்துப் போடுவேன். மவுஸிலிருந்து விரலை எடுக்குமுன் வேலை முடிந்திருக்கும். "நல்ல பென்டிரைவ்னா இப்படித்தான்" என்று வீட்டில் அளப்பேன். மூன்று வருடம், 36 தடவை.

மனைவி எதை ஸ்கேன் செய்தாலும் தனக்கே மெயில் அனுப்பிக்கொள்வாள். "இதெல்லாம் ஒரு பேக்கப்பா?" என்று சிரித்திருக்கிறேன். (அதை அவளிடம் நினைவுபடுத்திவிடாதீர்கள்.)

ஒருநாள் 'டிக்... டிக்...' என்று சத்தம். பல்லி என்று சுவரைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்! தட்டைப் படிக்க முடியாமல் ஹெட் மறுபடி மறுபடி தொடங்கிய இடத்துக்கே போய்வரும் சத்தமாம். சி போனாலும் டி இருக்கும் என்று எல்லாவற்றையும் டி டிரைவில்தான் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள் என்பது அப்போது தோன்றவில்லை.

ஆனாலும் நான் பதறவில்லை. பென்டிரைவ் இருக்கிறதே! புது டிஸ்க் போட்டு, செருகி, திறந்தால், அப்படி ஓர் இடமே இல்லை என்கிறது விண்டோஸ். போன மாதத்தைத் திறந்தேன், போன வருடத்தைத் திறந்தேன். எல்லாம் அதே பாட்டு.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, மூலையில குட்டி அம்பு இருக்கு பாருங்க. இது ஷார்ட்கட். ஃபோல்டர் இல்ல, டி டிரைவுல அது இருக்கிற இடத்துக்கு வழி மட்டும்தான்."

ஒவ்வொன்றும் 1 கேபி. ஒரே வீட்டின் விலாசத்தை 36 தடவை எழுதிப் பூட்டி வைத்திருக்கிறேன். வீடு எரிந்துவிட்டது.

காகிதங்கள் மனைவியின் மெயிலிலிருந்து வந்தன. படங்களில் கொஞ்சம் சொந்தக்காரர்களின் போனிலிருந்து கிடைத்தன, மற்றது போயே போச்சு.

இப்போது வெளி டிஸ்க் ஒன்று. செருகியிருக்கும்வரை விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதி மணிக்கொரு தடவை தானே எடுத்துக்கொள்கிறது. இன்னொரு டிஸ்க் தங்கை வீட்டில். கிளவுடிலும் ஒரு பிரதி. வெறும் சிங்க்கை நம்பவில்லை. நான் தவறி அழித்தால் அதுவும் சொன்னபடி கேட்டு அங்கேயும் அழித்துவிடும்.

ஞாயிறுதோறும் மனைவி பின்னால் வந்து நிற்கிறாள். "ஏதாவது ஒண்ணைத் திறந்து காட்டுங்க." காட்டுகிறேன்.

பழைய பென்டிரைவையும் மகள் முழுசாக காப்பி எடுத்து வைத்துவிட்டாள். அந்த 36 அம்புகளும் இன்று மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கின்றன.