சுன்னத்துக்குத் திகதி குறிக்க முன்னும், கட்டு அவிழ்த்த பின்னும்

ஓகஸ்ட் லீவு விட்டால் கொழும்பில் மருதானை, தெமட்டகொடை, மாளிகாவத்தைப் பக்கம் சுன்னத்து (ஆண் பிள்ளைகளின் முன்தோலை வெட்டி நீக்குவது) சீசன் தொடங்கிவிடும். மண்டபம் பிடிப்பது, பிரியாணிக்குச் சொல்வது, பையனுக்கு உடுப்பு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போவது எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே நடந்து முடியும். பையனை ஒரு டொக்டர் ஒழுங்காகப் பார்த்தாரா என்று கேட்டால் மட்டும் பதில் வராது. வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வந்ததில் எங்களுக்குப் பட்டது இதுதான்: வெட்டுவது இருபது முப்பது நிமிஷ வேலை. பிழைக்கிற இடங்கள் அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர்த் துவாரம். அது சரியாக நுனியில் இருக்க வேண்டும். நுனிக்குக் கீழே அடிப்பக்கமாக இருந்தால் அது ஹைப்பொஸ்பேடியஸ். ஏறக்குறைய 300 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கும். மேல்பக்கம் முக்காடு போட்டமாதிரித் தோல் தொங்கும், கீழ்ப்பக்கம் தோலே இருக்காது. ‘பிறவியிலேயே சுன்னத்து’ என்று மூத்தம்மாமார் சந்தோஷப்படுவது பல நேரம் இந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான். மேலே தொங்கும் அந்தத் தோல் வீண் தோல் அல்ல. துவாரத்தை நுனிக்குக் கொண்டுவரும் ஒப்பரேஷனுக்கு அதுதான் தேவை. அதை வெட்டி எறிந்துவிட்டால் பிறகு வாய்க்குள்ளிருந்து சவ்வு எடுத்துத் தைக்கும் நிலை வரலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் கத்தியே படக்கூடாது. பொரளை லேடி ரிட்ஜ்வே போன்ற இடத்தில் சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். அந்த ஒப்பரேஷனைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் செய்வார்கள், சுன்னத்தும் அதோடு முடிந்துவிடும்.

அடுத்தது இரத்தம். இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா தாய்வழியாக வரும் நோய், அதனால் இந்த நோய்க்கு வாப்பா பக்கத்து ஆட்களை விசாரித்துப் பயனில்லை. உம்மாவின் சகோதரர்கள், உம்மாவின் சகோதரிகளுடைய மகன்மார், இவர்களில் யாருக்காவது பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காமல் போனதா, ஊசி போட்ட இடம் வீங்கிக் கறுத்ததா என்று கேளுங்கள். இது புதிய அறிவும் இல்லை. சுன்னத்தால் இரண்டு மகன்மார் இறந்திருந்தால் மூன்றாவது மகனுக்குச் செய்ய வேண்டாம் என்று யூதர்களின் தல்மூதிலேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் இரத்தம் சோதிக்கலாம். இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனைகள் இரண்டு: ‘பிடி’ (PT), ‘ஏபிடிடி’ (APTT). ‘பிடி’ மட்டும் பார்த்தால் ஹீமோஃபீலியா தெரியாது; நீள்வது ‘ஏபிடிடி’. இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கொழுத்த குழந்தைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உறுப்பு கொழுப்புக்குள் புதைந்து சின்னதாகத் தெரியும். தோல் மிச்சம் இருக்கிறதே என்று தாராளமாக வெட்டினால் பிறகு மூடுவதற்குத் தோல் இருக்காது. காய்ச்சல், இருமல், நெப்கின் புண், மஞ்சள் காமாலை இருந்தாலும் தள்ளிப் போடுவதுதான் சரி.

தள்ளிப் போட்டால் மார்க்கத்தில் குறையா என்று கேட்பவர்கள் உண்டு. குர்ஆனில் இதற்கு நேரடி வசனம் இல்லை. ஃபித்ரா எனும் இயற்கை மரபின் ஐந்து காரியங்களில் ஒன்றாகக் கத்னாவை, அதாவது சுன்னத்தை, ஹதீஸ் சொல்கிறது. மற்றவை மர்ம முடி களைதல், மீசை கத்தரித்தல், நகம் வெட்டுதல், அக்குள் முடி நீக்குதல். இப்ராஹீம் நபி 80 வயதில் தமக்குத் தாமே செய்துகொண்டார் என்பதும் ஹதீஸில் வருகிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) இது கடமை. ஹனஃபி மத்ஹபில் இது கடமை அல்ல, நபிவழி; கொழும்பு மேமன் சமூகத்தார் அந்த வழி. ஏழாம் நாள் விரும்பத்தக்கது என்று சொல்லும் ஷாஃபி நூல்களே பிள்ளை பலவீனமாக இருந்தால் தாங்கும்வரை பிற்போடலாம் என்றும் சொல்கின்றன. உயர்த்தி மண்டபம் பிடிக்க வேண்டும் என்று எந்த நூலிலும் இல்லை.

எங்கள் கணிப்பில் வசதியான காலம் இரண்டு. ஒன்று, முதல் மூன்று மாதத்துக்குள். அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து பிளாஸ்டிக் வளையம் போட்டு முடிக்கலாம். இல்லாவிட்டால் சொன்னால் விளங்கும் ஐந்து ஆறு வயது. ஒரு வயதுக்கும் நாலு வயதுக்கும் இடையில் செய்தால் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டிவரும், கட்டைப் பிடித்து இழுக்காமல் இரவெல்லாம் காவலும் இருக்க வேண்டும்.

மருத்துவம் என்ன சொல்கிறது என்பதில் இரண்டு பக்கமும் கூட்டிச் சொல்வார்கள். குழந்தைப் பருவத்தில் சிறுநீர்த் தொற்று குறையும் என்பது உண்மை. ஆனால் ஆரோக்கியமான ஆண் குழந்தைக்கு அந்தத் தொற்று வரும் வாய்ப்பே நூறில் ஒன்று அளவுதான், ஆகவே ஒரு தொற்றைத் தடுக்க நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வெட்ட வேண்டும். தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டாவில் நடந்த மூன்று ஆய்வுகளில் பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்ஐவி தொற்றுவது ஏறக்குறைய 60 வீதம் குறைந்தது. அதை வைத்து 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது அந்த நோய் பரவலாக உள்ள நாடுகளுக்கு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் நன்மை ஆபத்தைவிட அதிகம் என்றது, ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் செய்யச் சொல்லவில்லை. டச்சு மருத்துவர் சங்கம் 2010இல் மருத்துவக் காரணம் இல்லாமல் செய்வதை எதிர்த்தது. ஜெர்மனியில் 2012இல் கொலோன் நீதிமன்றம் இதை உடற்காயம் என்று தீர்ப்பளிக்க, அதே வருட டிசம்பரில் பாராளுமன்றம் சட்டம் போட்டு அனுமதித்தது. பிள்ளைக்கு ‘ஹெல்த்துக்கு நல்லது’ என்று மட்டும் சொல்லிச் செய்வதைவிட, மார்க்கத்துக்காகச் செய்கிறோம், அதைப் பாதுகாப்பாகச் செய்கிறோம் என்பதே நேர்மையான பேச்சு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்து, கத்தோலிக்க வீடுகளில் பிரச்சினை வேறு மாதிரி வரும். மகனுக்கு முன்தோல் பின்னால் போகவில்லை, டொக்டர் வெட்டச் சொல்லிவிட்டார், சமயத்துக்கு ஒத்துவருமா என்று பதறுவார்கள். சமயத் தடை எதுவும் இல்லை. கிறிஸ்தவர்களுக்கு இது கட்டாயமில்லை என்று பைபிளின் திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரத்திலேயே முடிவாயிற்று. இயேசுவுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் நடந்ததை ஜனவரி 1 திருநாளாகவே முன்பு கொண்டாடினார்கள். ஆனால் வெட்டத் தேவையா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பிறக்கும்போது அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் தோல் ஒட்டித்தான் இருக்கும், வருடங்கள் போகத் தானாக விடும். விடாவிட்டால் 0.05 வீத பீட்டாமெத்தசோன் கிறீமை டொக்டர் காட்டும் இடத்தில் நாளுக்கு இரண்டு முறை, நாலு முதல் எட்டு வாரம் பூசினால் பெரும்பாலானோருக்குச் சரியாகிறது. நுனி வெள்ளையாகத் தழும்பு விழுந்து இறுகியிருந்தால் கதை வேறு, அதற்கு வெட்டுவதுதான் வழி. வீட்டில் பலமாகப் பின்னுக்கு இழுக்காதீர்கள். கிழிந்து ஆறும் தழும்புதான் உண்மையான இறுக்கத்தை உண்டாக்கும்.

பெண் பிள்ளைகளுக்கும் சுன்னத்து செய்ய ஒஸ்தா மாமியை (பரம்பரையாக அதைச் செய்யும் பெண்ணை) அழைக்கும் வழக்கத்தை இதோடு சேர்த்துப் பேசக்கூடாது. அதில் எந்தச் சுகாதார நன்மையும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவர்கள் அதைச் செய்யக்கூடாது என்று 2018இல் நமது சுகாதார அமைச்சு சுற்றறிக்கையும் விட்டது.

இனிச் செய்யும் முறை. அந்தக் காலத்தில் பையன்மாருக்குச் சுன்னத்து செய்த ஒஸ்தா சவரக்கத்தியால் ஒரே இழுப்பில் முடித்தார், விறைப்பு ஊசி இல்லை. இன்று டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இரத்தத்தை எதனால் நிறுத்துவீர்கள்? கரண்ட் வைத்துச் சுடுவதாக இருந்தால் ‘பைபோலர்’ ஆக இருக்க வேண்டும், அதில் கரண்ட் இடுக்கியின் இரண்டு முனைக்கு இடையில் மட்டும் பாயும். ‘மொனோபோலர்’ ஆனால் கரண்ட் உறுப்பின் அடிவழியாக உடம்புக்குள் பாயும். அந்த ஒடுங்கிய இடத்தில் சூடு குவிந்து உறுப்பே கருகிப்போகலாம். ‘லேசர் சுன்னத்து’ என்று விளம்பரம் இருந்தால் கருவி என்ன என்று கேளுங்கள், சில இடங்களில் லேசர் என்பது வெறும் சூடான கம்பி. விறைப்பு ஊசியில் அட்ரினலின் கலக்காத லிக்னொகெயின்தான் போட வேண்டும், கலந்தது நுனிக்குப் போகும் இரத்தக்குழாயைச் சுருக்கும்.

முழு மயக்கம் என்றால் வெறும் வயிறு. காலை எட்டு மணிக்கு ஒப்பரேஷன் தியேட்டர் என்றால் சோறு, பிஸ்கட், பால்மா எல்லாம் இரவு இரண்டோடு நிற்க வேண்டும். தாய்ப்பால் நாலு மணிவரை, வெறும் தண்ணீர் ஆறு மணிவரை. ஆஸ்பத்திரியில் வேறு நேரம் சொன்னால் அதைப் பிடியுங்கள். ‘பாவம் பிள்ளை’ என்று விடியற்காலையில் உம்மும்மா கொடுக்கும் ஒரு கப் பால்தேத்தண்ணியால் தியேட்டர் நேரம் பறிபோவது அடிக்கடி நடக்கும். அதை டொக்டரிடம் மறைத்தால் இன்னும் மோசம்: மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகலாம்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு. விறைப்பு விட்டு எரிவு தொடங்கும் முன்பே மருந்து கொடுக்க வேண்டும், அழத் தொடங்கிய பிறகு கொடுத்தால் அரை மணிநேரம் வீட்டில் யாருக்கும் நித்திரையில்லை. பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு முறை, நாளுக்கு நாலு முறைக்கு மேல் வேண்டாம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 16 கிலோ பையனுக்கு 10 மில்லி. போத்தலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அளவுங்கள், எல்லாப் பாணியும் ஒரே பலம் இல்லை. கொழும்பில் டெங்கு இல்லாத மாதம் கிடையாது. டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் டொக்டரைக் கேட்காமல் ஐபுபுரொஃபன் கொடுக்கக்கூடாது, அஸ்பிரின் அறவே கூடாது.

சாரத்தின் முன்பக்கத்தை ஒரு நூலால் கட்டித் தூக்கி மேலே கொழுவிவிடும் பழைய வழி இன்றைக்கும் நல்ல வழிதான், துணி உராயாது. படுக்கும்போது ஒரு பக்கம் வெட்டிய காட்போட் பெட்டியைப் போர்வைக்குள் கூடாரமாக வைக்கலாம். நெப்கின் கட்டும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வஸ்லீனைத் தடிப்பாகப் பூசுங்கள், கொஞ்சமாகப் பூசினால் ஒட்டிக்கொள்ளும்.

பயத்தில் சலத்தை அடக்கும் பையனை இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளியில் இருத்திப் பாருங்கள், அநேகமாகத் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் போகாவிட்டால் ஆஸ்பத்திரி. கட்டு ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. அதே இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டால் ஓரம் தானாக மிதந்து வரும், வராத துண்டை மறுநாளைக்கு விடுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் கூடி நுனிக்குக் கீழே மோதிரம் போட்டமாதிரித் தெரியும். பிறகு மஞ்சளாக ஒரு படை படரும். அதிகம் பயப்பட வைப்பது இதுதான், ‘சீழ் வைத்துவிட்டது’ என்று அன்ரிபயோட்டிக் தேடி ஓடுவார்கள். அது புண் ஆறும் சவ்வு, ஒரு வாரம் பத்து நாளில் உதிரும். தேய்த்து எடுத்தால் இரத்தம் வரும். சீழ் என்றால் நாற்றம் இருக்கும், காய்ச்சல் வரும், சிவப்பு அடிவயிற்றை நோக்கி ஏறும். சாம்பல், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். முட்டை, மீன் தின்றால் சீழ் வைக்கும் என்ற பத்தியத்துக்கும் ஆதாரம் இல்லை, புண் ஆறுவதற்குப் புரதம்தான் தேவை.

துணியில் பொட்டுப் பொட்டாக இரத்தம் வந்தால் பரவாயில்லை. சொட்டினால் சுத்தமான கோஸை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்து நிமிஷத்திலும் நிற்காவிட்டால் அழுத்தியபடியே திரீவீலில் ஏறுங்கள். வளையம் போட்ட பிள்ளைக்கு அது ஐந்து முதல் பத்து நாளில் தானாக விழும். பன்னிரண்டு நாளாகியும் விழாவிட்டால் காட்டுங்கள். வளையம் பின்னுக்கு நகர்ந்து தண்டை இறுக்கி, நுனி வீங்கி நீலம் பாய்ந்தால் அன்றிரவே போக வேண்டும்.

தையல் நூல் இரண்டு வாரமளவில் கரையும். பாடசாலைக்கு ஒரு வாரத்தில் போகலாம், சைக்கிளும் கடல் குளிப்பும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். கடைசியாக, மூன்று மாதம் போனதும் பையன் சலம் விடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். தாரை நூல்போல் மெலிந்தோ மேல்நோக்கி வளைந்தோ போனால், நெப்கின் உராய்ந்து துவாரம் சுருங்கியிருக்கலாம்.