டீசல் ஊறிய மண்: நான்கு வாளி, பன்னிரண்டு வாரம், டொலமைட் சொன்ன பொய்

ஜெனரேட்டருக்குக் கீழே டீசல் சிந்திய மண் கொழும்பில் பல கடைகளின் பின்முற்றத்தில் கிடக்கும். 2022 மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு இன்னும் கூடுதலாக. டீசலைத் தின்னும் பற்றீரியாவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. சூடோமோனாசு, ரோடோகொக்கசு, அசினெற்றோபக்டர் போன்றவை சாதாரண மண்ணிலேயே சிறு தொகையாக உண்டு, எண்ணெய் விழுந்ததும் பெருகும். இங்கே தடையாக நிற்பது மண்ணின் புளிப்பு. கொழும்புப் பக்கத்துச் செம்பூரான் மண்ணின் பீ.எச். (புளிப்பு அளவு, 7க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு கூடும்) பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில். இந்தப் பற்றீரியாவில் பெரும்பாலானவற்றுக்கு 6 முதல் 8 வரை தேவை. 5.5க்குக் கீழே அலுமினியம் கரைந்து நஞ்சாகிறது, இரும்பும் அலுமினியமும் பொசுபேற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

புளிப்பைக் குறைத்துப் பசளை கொடுத்தால் அவை டீசலைத் தின்னுமா என்று பார்க்க, மூடியுள்ள நான்கு பிளாஸ்டிக் வாளி. ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீற்றர் அரிதட்டில் சலித்த, டீசல் படாத மண், உலர்நிறை 5 கிலோ. அதில் 100 கிராம் டீசல், அதாவது ஏறக்குறைய 120 மில்லிலீற்றர். காற்றோட்டத்துக்கு 1 லீற்றர் உமி. தும்புத்தூள் போட்டால் அதுவே நைதரசனை இழுத்துக்கொள்ளும் என்பதால் தவிர்த்தது. ‘அ’ வாளியில் வேறொன்றும் இல்லை. ‘ஆ’வில் பசளை மட்டும். ‘இ’யில் டொலமைட்டும் (புளிப்பைக் குறைக்கும் கல்சியம், மக்னீசியம் காபனேற்றுக் கல்தூள்) பசளையும். ‘ஈ’யில் அவற்றோடு 250 கிராம் கூட்டெரு, வெளிப் பற்றீரியா எவ்வளவு உதவுகிறது என்று பார்க்க.

டொலமைட் அளவைக் குத்துமதிப்பாகப் போடக்கூடாது. 20 கிராம் மண் வீதம் ஆறு கோப்பை, கிலோவுக்கு 0, 1, 2, 3, 4, 6 கிராம் கணக்கில் டொலமைட், ஈரமாக ஏழு நாள். 4.7இல் இருந்த மண் கிலோவுக்கு 4 கிராமில் 6.2ஐத் தொட்டது. எனவே வாளிக்கு 20 கிராம். பொறுமையில்லாமல் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்தால், அது விழுந்த இடத்தில் பீ.எச். 9ஐத் தாண்டும், பின்னர் போடும் யூரியா அமோனியாவாகப் பறந்துவிடும்.

பசளைக் கணக்கு காபன், நைதரசன், பொசுபரசு 100:10:1. டீசலில் காபன் 86 சதவீதம் என்று வைத்தால் 86 கிராம். அதற்கு நைதரசன் 8.6 கிராம், யூரியாவில் 18.7 கிராம். பொசுபரசு 0.86 கிராம், ரீ.எஸ்.பி.யில் (ட்ரிபிள் சுப்பர் பொசுபேற்றுப் பசளை) 4.3 கிராம். யூரியா முழுவதையும் ஒரே நாளில் கொட்டினால் மண்ணீர் உப்பாகிப் பற்றீரியா வாடும். 3.7 கிராம் வீதம் ஐந்து தடவை, 1, 3, 5, 7, 9ஆம் வார முடிவுகளில் கரைத்துத் தெளித்தது. ரீ.எஸ்.பி.யை இடித்துத் தூளாக்கி, டொலமைட்டுக்கு ஒரு வாரம் பிந்திப் போடவேண்டும். முந்தினால் புளித்த மண் அதை விழுங்கிவிடும்.

ஈரம்: 100 கிராம் உலர்மண்ணைத் துணி விரித்த புனலில் நனைத்து, இரவு முழுக்க வடியவிட்டு நிறுத்ததில் 34 கிராம் தண்ணீர் நின்றது. அதில் 60 சதவீதம் என்றால் 100 கிராமுக்கு 20 கிராம், வாளிக்கு 1 லீற்றர். கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், விரலிடுக்கில் நீர் கசியாது. டீசல் மண் ஒருமுறை காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, துளிகள் மேலே உருளும். தெளிப்பானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கிளறுவதே வழி. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் வாளிகளுக்கு மேல் படங்கு கட்டாயம். ‘ஆ’வுக்குள் ஒருநாள் மழை இறங்கி, அடியில் இரண்டு அங்குலம் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. 100 கிராம் டீசல் எரிந்து முடிய ஏறக்குறைய 340 கிராம் ஒட்சிசன் வேண்டும், அதாவது ஒரு கன மீற்றருக்கு மேற்பட்ட காற்று. வாரத்துக்கு இரண்டு தடவை அடிவரை கிளறுவது அதற்காகத்தான்.

பற்றீரியா வேலை செய்கிறதா என்று அறிய அவை விடும் காபனீரொட்சைட்டை அளக்கலாம். 1 லீற்றர் கண்ணாடிப் போத்தலில் 100 கிராம் மண், அதற்குள் அந்த வாயுவை உறிஞ்ச ஒரு சிறு கிண்ணத்தில் லீற்றருக்கு 0.5 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 20 மில்லிலீற்றர். இறுக்கி மூடி 24 மணித்தியாலம். பிறகு கிண்ணத்தில் பேரியம் குளோரைட்டு சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு. நிறங்காட்டியாகப் பினோப்தலீன் இரண்டு துளி, இளஞ்சிவப்பு மறையும்வரை 0.5 மூல் ஐதரோகுளோரிக் அமிலம். மண் இல்லாத வெற்றுப் போத்தலோடு ஒப்பிட்டு, குறையும் ஒவ்வொரு மில்லிலீற்றர் அமிலத்துக்கும் 11 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொடவேண்டாம். பேரியம் உப்பு நஞ்சு, சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மூன்றாம் நாள், பசளை போடுமுன், ‘இ’ மண்ணுக்கு 15.9 மில்லிலீற்றர் அமிலம், வெற்றுப் போத்தலுக்கு 19.4. வித்தியாசம் 3.5, அதாவது 38 மில்லிகிராம். ‘அ’வில் 7 மில்லிகிராம் மட்டுமே. பார்த்தவுடன் டொலமைட் பற்றீரியாவை எழுப்பிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் டொலமைட்டே காபனேற்று. புளித்த மண்ணில் கரையும்போது அது தானாகவே காபனீரொட்சைட்டை விடும். இதைச் சரிபார்க்க, அதே மண்ணைப் பிரஷர் குக்கரில் ஒரு மணித்தியாலம், மறுநாள் இன்னொரு மணித்தியாலம் அவித்து, ஆறியபின் டீசலும் டொலமைட்டும் கலந்து போத்தலில் அடைத்ததில் 1.7 மில்லிலீற்றர் வித்தியாசம், 19 மில்லிகிராம். அதாவது பாதி கல்லின் மூச்சு. 100 கிராம் மண்ணிலுள்ள 0.4 கிராம் டொலமைட் மொத்தமாகத் தரக்கூடியது 190 மில்லிகிராம்தான். பன்னிரண்டு வாரக் கூட்டுத்தொகையில் அது சிறிது, முதல் வாரத்தில் ஆளையே ஏமாற்றும். யூரியா உடையும்போதும் இதே வாயு வரும், எனவே யூரியா போட்டு மூன்று நாளுக்குள் எடுத்த அளவீட்டை எறிந்துவிடலாம். ‘ஈ’க்கு இன்னொரு கழிப்பு உண்டு: டீசல் இல்லாமல் கூட்டெரு மட்டும் போட்ட போத்தலும் வேண்டும்.

இவற்றைக் கழித்தபின் ‘இ’ மூன்றாம் வாரத்தில் 100 கிராம் மண்ணுக்கு நாளுக்கு 57 மில்லிகிராமில் உச்சம் தொட்டு, எட்டாம் வாரம் 29, பன்னிரண்டாம் வாரம் 14. மண்ணின் இயல்பான மூச்சையும் கழித்துக் கூட்டினால் டீசல் காபனில் பத்துக்கு நான்கு பங்கு வாயுவாகப் போயிருக்கிறது. ‘ஈ’ முதல் பத்து நாள் முந்தியது, நான்காம் வாரத்தில் இரண்டும் ஒன்றே.

‘ஆ’வின் போக்கு விசித்திரம். யூரியா போட்ட நான்காம் நாள் பீ.எச். 6.1, டொலமைட்டே தேவையில்லை போல. ஆறாம் வாரம் 4.3. யூரியா முதலில் அமோனியாவாகிப் புளிப்பைக் குறைக்கும், அது நைத்திரேற்றாக மாறும்போது வாங்கியதற்கு மேலாகத் திருப்பிக் கொடுக்கும். ஒரு கிராம் நைதரசன் முழுவதும் மாறினால், அந்தப் புளிப்பைச் சரிக்கட்ட 3.6 கிராம் கல்சியம் காபனேற்று செலவு. மேலே வெள்ளைப் பங்கசு படர்ந்தது, மூச்சு ‘இ’யின் மூன்றிலொரு பங்கு.

பீ.எச். மானியை ஒவ்வொரு முறையும் பீ.எச். 4.01, 6.86 என்று தெரிந்த தாங்கல் கரைசல்களில் சரிபார்க்கவேண்டும். எண்ணெய்ப் படலம் மின்வாயில் ஒட்டினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசினால் நிற்கும்.

மணம் குறைந்ததை வைத்து எதையும் சொல்லாதீர்கள். ‘அ’விலும் மணம் பாதியானது, அது ஆவியாதல். கடுகு விதை நம்பத்தக்கது. இருபதில் சுத்த மண்ணில் 19 முளைத்தது, ‘இ’யில் 14, ‘அ’வில் 5. துல்லியமான மிச்ச அளவுக்கு ஆய்வுகூட வாயு நிறப்பகுப்பு (காஸ் குரோமற்றோகிராபி) வேண்டும்.

இந்தக் கணக்கை யாழ்ப்பாணத்துக்கு அப்படியே கொண்டுபோகவேண்டாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பேசும்போது பலர் இதையெல்லாம் கேட்கிறார்கள். அங்கே அடியில் சுண்ணக்கல், டொலமைட்டுக்கு வேலையில்லை. நிலத்தடி நீருக்குள் போனதை வாளியில் கிளறவும் முடியாது. கராஜ் மண்ணுக்கும் இது முழு மருந்தல்ல. பழைய என்ஜின் ஒயிலில் உள்ள நாகத்தையும் (துத்தநாகம்) ஈயத்தையும் எந்தப் பற்றீரியாவும் தின்னாது, கிளைத்த நீண்ட ஐதரோகாபன்களும் மாதக்கணக்கில் கிடக்கும்.

இன்றைய நிலையில் ‘இ’யின் பீ.எச். 5.8. இன்னும் 10 கிராம் டொலமைட் கலந்து, அடுத்த மூச்சு அளவீட்டை இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறது.