தோடர் பூவேலை

போன வாரம் ஊட்டிப் பக்கம், நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்து (குடியிருப்பு) ஒன்றில், ஒரு அக்கா தைப்பதை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துணியில் பென்சில் கோடு கிடையாது, வளையச் சட்டமும் கிடையாது. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக நூலை ஓட்டிக்கொண்டே போகிறார். ஒரு இழை பிசகினால் கோலம் முழுக்கக் கோணிவிடும். அதுவும் துணியின் பின்பக்கத்திலிருந்து தைக்கிறார்! முடித்ததும் பார்த்தால் தறியிலேயே நெய்தது போல் இருக்கிறது. எருமைக் கொம்பு வடிவத்தைக் காட்டினார். தோடர்களுக்கு எருமை எவ்வளவு புனிதமானது என்பது தெரிந்ததுதானே.

இந்தப் பூவேலை செய்த போர்வைக்குப் புத்துக்குளி என்று பெயர். ஆண்களும் பெண்களும் போர்த்திக்கொள்கிறார்கள். இறந்தவரையும் இதில்தான் சுற்றி வழியனுப்புகிறார்கள். அதைக் கேட்டபின் கையிலிருந்த துணி வேறு மாதிரி கனத்தது.

இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு (ஒரு பகுதிக்கே உரிய பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு) கிடைத்துவிட்டது. ஆனாலும் அதே வடிவத்தை அச்சடித்துக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். வயிறு எரிகிறது. ஊட்டிக்குப் போனால் தைத்தவர்களிடமே வாங்குங்கள். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.