பஞ்சை வெளுக்கக் கழுவியதில் போன ஏழு மீன்கள்

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் மீன் தொட்டியைக் கழுவினேன், வினை அங்கேதான் ஆரம்பம். பாளையங்கோட்டையில் வீடு, இரண்டடித் தொட்டி, 50 லிட்டர் சொச்சம் தண்ணீர், எட்டு கப்பி, நாலு மோலி. வாங்கி மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு மீன்களை வாளிக்கு மாற்றி, கூழாங்கல்லை அரிசி களைவதுபோல் களைந்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளை வெளேர் என்று ஆக்கி, காலையில் குழாயில் வந்த தாமிரபரணித் தண்ணீரை அப்படியே நிரப்பினேன். குளோரின் வாடை லேசாக அடித்தது. நாமே குடிக்கிறோம், மீனுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

திங்கள் சாயங்காலம் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒரு மோலி துடுப்பை ஒடுக்கி மூலையில் கிடந்தது. தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருக்கிறது! கடைக்கு ஓடினால், "ஆக்சிஜன் பத்தல அண்ணாச்சி, இன்னொரு மோட்டார் போடுங்க, சரியாயிரும்" என்றார். வாங்கினேன். புதன்கிழமைக்குள் மூன்று போய்விட்டது. திரும்பப் போனேன், நீல மருந்து கொடுத்தார். தொட்டியே மைக்கூடு ஆனதுதான் மிச்சம். அமோனியா பார்க்கிற டெஸ்ட் கிட் கேட்டதற்கு, "அதெல்லாம் இங்க யாரும் வாங்குறதில்ல" என்று சிரித்தார். திருநெல்வேலி ஜங்ஷன் வரை பஸ் ஏறிப் போய் விசாரித்தும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் போட்டு வருவதற்குள் இன்னும் நாலு.

கிட் வந்த அன்றைக்குச் சோதித்தேன். மஞ்சளாக நின்றால் நல்லது. எனக்கு நல்ல கரும்பச்சை. மேலப்பாளையத்து நண்பருக்கு போன் போட்டால் எடுத்த எடுப்பில் கேட்டார்: "பஞ்சக் கழுவுனீரா வே?"

மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியிருப்பதே அந்தப் பழுப்பு வழுவழுப்பில்தானாம். குளோரின் தண்ணீரில் கழுவி நான் கொன்றது போக, மீந்ததை நீல மருந்தும் ஒரு கை பார்த்திருக்கும். அமோனியா செவுளை அரித்துவிட்டால் எத்தனை மோட்டார் ஓடினாலும் மீன் மூச்சுக்குத் திணறத்தான் செய்யும். ஆச்சி வீட்டு முற்றத்தில் கொசுவுக்காக மீன் விட்ட சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. மோட்டார் கிடையாது, பஞ்சு கிடையாது. சுவரெல்லாம் பாசி, அவ்வளவு தண்ணீருக்கு நாலே மீன். ஆச்சி அதை ஒரு நாளும் தேய்த்ததில்லை, மீனும் சாகவில்லை. அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

நண்பர் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த அழுக்குப் பஞ்சு ஒன்றை ஈரம் காயாமல் பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தார். பைக்கில் முன்னால் தொங்கவிட்டு வெயிலுக்கு முன்பே வீடு சேர்ந்தேன். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன், முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்தது. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு சிட்டிகை. அமோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறியது. அதற்கு ஒரு மேசைக்கரண்டி தூத்துக்குடி கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியாக உள்ளே போகவிடாது, கப்பியும் மோலியும் அந்த உப்பைத் தாங்கும். வேறு மீன் வைத்திருப்பவர்கள் விசாரித்துவிட்டுப் போடுங்கள். மூன்று வாரம் கழித்து இரண்டுமே பூஜ்யம். இப்போது பஞ்சை அழுக்கு தெரியத் தெரிய விட்டு, ரொம்ப அடைத்தால் மட்டும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ரெண்டு தடவை அலசுகிறேன்.

பிழைத்தது ஐந்து. போன வாரம் பஞ்சுக்குப் பின்னால் கடுகளவு கண்ணோடு மோலிக் குஞ்சுகள், எண்ணியவரை ஆறு.

இரண்டாவது மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "பில் இருக்கா அண்ணாச்சி?" என்றார். பில் கொடுத்தால்தானே இருக்கும்.