டிஸ்க் படுப்பதற்குள் முழு நகல் எடுத்த அனுபவம்

ஒரு வாரமாகவே லேப்டாப் எதைத் திறந்தாலும் திணறியது. காதை வைத்துக் கேட்டால் டிக், டிக் என்று சத்தம், அப்புறம் அரை நிமிடம் எல்லாம் உறைந்துபோகும். டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். பெண்டிங் செக்டர், அதாவது படிக்கத் திணறும் இடங்களின் எண்ணிக்கை, என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 48. மகள் நடை பழகிய வீடியோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன.

பதற்றத்தில் போல்டர்களை ஒவ்வொன்றாக எக்ஸ்டர்னல் டிரைவுக்கு இழுத்துப் போட ஆரம்பித்தேன், அது தப்பு. பழுதான ஒரு போட்டோவில் காப்பி அப்படியே நின்றுவிட்டது, டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்து இன்னும் தேய்ந்துகொண்டிருந்தது. உடனே நிறுத்திவிட்டு, லினக்ஸ் போட்ட பென்டிரைவில் பூட் செய்து பழுதான டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்கியூ என்ற புரோகிராமை எடுத்தேன். அது டிஸ்க்கை ஒரே இமேஜ் ஃபைலாக நகலெடுக்கும். கஷ்டமான இடங்களைத் தாண்டிப் போய் நன்றாக இருப்பதையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும், மிச்சத்துக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அந்த ஃபைலின் பெயரைக் கட்டளையில் கொடுக்க மறக்கவே கூடாது.

கட்டளையில் எது மூலம், எது இலக்கு என்பதை மூன்று முறை சரிபார்த்தேன். மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போச்சு. பெயரை நம்பாமல் அளவைப் பார்த்தேன் (லினக்ஸ் 1024-இன் கணக்கில் எண்ணுவதால் எண் குறைவாகத் தெரியும்): 465.8 என்று காட்டியது லேப்டாப்பின் 500 ஜிபி டிஸ்க், 931.5 என்று காட்டியது வெளியில் செருகிய 1 டிபி டிரைவ்.

ஓட விட்டால் 4 ஜிபியிலேயே நின்றது. டிவியில் படம் பார்ப்பதற்காக அந்த டிரைவை முன்பு ஃபேட்32-இல் ஃபார்மட் செய்திருந்தேன், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருந்ததை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ட்4 ஃபார்மட்டுக்கு மாற்றி மறுபடி தொடங்கினேன்.

ராத்திரி முழுக்க ஓடியது. நடுவில் கேபிள் லேசாக அசைந்து இணைப்பு அறுந்தபோது வயிறு கலங்கிவிட்டது, ஆனால் அதே கட்டளையை மறுபடி கொடுத்ததும் மேப் ஃபைலைப் பார்த்து விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. காலையில் பார்த்தால் சில நூறு கேபி மட்டும் பாக்கி. மூன்று முறை மறுமுயற்சி செய்யச் சொன்னதில் அதிலும் பாதி வந்துவிட்டது.

அப்புறம் இமேஜை ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்து, அதாவது எதுவும் மாறாமல் படிக்க மட்டும் முடிகிற மாதிரி திறந்து, வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். பெயரும் அளவும் சரியாக இருப்பதை வைத்து நம்பக் கூடாது. படிக்க முடியாத இடத்தில் வெறும் பூஜ்யங்கள் நிரம்பியிருக்கும், ஃபைல் பார்ப்பதற்கு முழுசாகத்தான் தெரியும். ஒரே ஒரு வீடியோ பாதியில் உடைந்திருந்தது. நடை பழகியவை எல்லாம் கடைசி வரை ஓடின.

புது எஸ்எஸ்டி வாங்கும்போது 480 ஜிபி போதும் என்று எடுத்துவிடாதீர்கள், 500 ஜிபி இமேஜ் அப்படியே அதில் அடங்காது. நான் 1 டிபி எடுத்தேன்.