31,000 ரூபாயில் ஒரு பழைய மாருதிக்கு வெள்ளையடித்த கதை

2007 அக்டோபரில் பதிவான எங்கள் மாருதி 800 காருக்கு 2022 அக்டோபரில் பதினைந்து ஆண்டுகள் நிறைவடைய இருந்தன. பதிவுச் சான்றை மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டுமானால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்டியாக வேண்டும். இன்ஜினில் குறையொன்றும் இல்லை. ஆனால் சென்னை வெயிலில் மரநிழல் இல்லாத தெருவிலேயே நின்று பழகிய வண்டி என்பதால், கூரையும் பானெட்டும் வெளிறி, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புப் பொடி போல் ஒட்டிக்கொண்டு வந்தது. இடப்பக்கக் கதவுகளுக்குக் கீழே ரன்னிங் போர்டைத் துரு தின்று, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. அவ்வளவு பணம் கட்டிவிட்டு ஓட்டை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த மனம் வராமல், முதலில் உடம்பைச் சரிசெய்துவிடலாம் என்று ஆகஸ்டு மாதத்தில் இறங்கினேன்.

நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேட்ட தொகை 68,000 ரூபாய். வண்டியை விற்றாலே அவ்வளவு கிடைக்காது. பிறகு அம்பத்தூர்ப் பக்கம் மூன்று பட்டறைகளில் விசாரித்தேன். 14,000, 24,000, 35,000 என்று மூன்று விலை சொன்னார்கள். ஒரே வண்டிக்கு ஏன் இத்தனை வித்தியாசம் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. 14,000 ரூபாய்க்காரர் பழைய பெயிண்டை மேலோட்டமாக ஒருமுறை தேய்த்து, கண்ணாடி, விளக்கு, கைப்பிடி எதையும் கழற்றாமல் தாள் ஒட்டி மறைத்து, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்துக் கொடுப்பதாக இருந்தார். என்.சி. பெயிண்ட் தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்வது. சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடுவதால் தூசு ஒட்டும் தொல்லை குறைவு. ஆனால் வெயிலில் சீக்கிரம் மங்கும், தின்னர் பட்டால் மறுபடியும் கரையும். ஹார்டனர் என்னும் இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் வேதிவினையால் இறுகுவது. அதில் பளபளப்பும் ஆயுளும் கூடுதல், விலையும் கூடுதல். நடுவிலிருந்த 24,000 ரூபாய்க்காரர் பி.யு. அடிப்பதாகச் சொன்னார், அவரிடமே வேலையைக் கொடுத்தேன். தகடு ஒட்டும் டிங்கரிங் வேலைக்குத் தனியாக 4,500 ரூபாய்.

செலவைக் குறைக்க நான் எடுத்த முடிவுகளில் பெரியது, நிறத்தை மாற்றாமல் விட்டது. கருஞ்சிவப்பு அடிக்க வேண்டும் என்று என் மகளுக்கு ஆசை. ஆனால் நிறம் மாறினால் பதிவுச் சான்றிலும் அதை மாற்றிப் பதிய வேண்டும். கதவின் உள்விளிம்பு, டிக்கியின் உட்புறம், இன்ஜின் அறை என்று எல்லா இடத்திலும் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும், அவற்றையும் அடிக்கப் போனால் செலவு ஒன்றரை மடங்காகும். அதுவும் மெட்டாலிக் அல்லாத சாதாரண வெள்ளை என்பதால் மேலே தனியாக கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேல்பூச்சு அடிக்கும் செலவும் மிச்சமானது. இரண்டாவது சிக்கனம், கழற்றும் வேலையை நானே செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பம்பர்கள், பின்விளக்குகள், பக்கக் கண்ணாடிகள், கதவுக் கைப்பிடிகள், எழுத்துச் சின்னங்கள் ஆகியவற்றைக் கழற்றி, திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி வைத்தேன். கழற்றும்போது உடைந்த கிளிப்புகளுக்கும் இற்றுப்போன கதவு ரப்பர்களுக்கும் மாற்றாகப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் 1,650 ரூபாய்க்குப் பொருள் கிடைத்தது. முன்கண்ணாடியையும் அதைச் சுற்றிய ரப்பர் பீடிங்கையும் மட்டும் தொடவில்லை. கழற்றி மாட்ட 1,200 ரூபாய் கேட்டார்கள், கண்ணாடி உடைந்தால் தங்கள் பொறுப்பில்லை என்றும் சொன்னார்கள். அங்கே தாள் ஒட்டினால் போதும் என்று நான்தான் சொன்னேன்.

பட்டறைக்கு வண்டி போன அன்று வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த ஒரு சிறிய காந்தத்தையும் எடுத்துப் போயிருந்தேன். தகட்டில் ஒட்டும் காந்தம், பள்ளத்தை நிரப்பப் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் ஒட்டாது. ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டே போனபோது, பின்பக்க வலது சக்கரத்துக்கு மேலே அது நழுவிக் கீழே விழுந்தது. 2012இல் நாங்கள் இரண்டாம் கையாக வாங்கும்போது, "எங்கேயும் இடிபடாத வண்டி" என்று உறுதி கூறி விற்றிருந்தார்கள்! பெயிண்டர் அண்ணன் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, உள்ளே துரு இல்லை, அதை அப்படியே விடலாம் என்றார். ரன்னிங் போர்டில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்து மேலே பட்டி பூசிவிடலாம் என்று டிங்கர் கூறியபோது, துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லி, அந்த வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். துருவின் மேல் பூசிய பட்டி அடுத்த மழைக்காலத்திலேயே கொப்பளித்துவிடும்.

பணத்தை மூன்று தவணையாகப் பேசியிருந்தேன்: ஒன்று வண்டியை விடும்போது, ஒன்று பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்துத் தேய்த்து முடித்த பிறகு, மீதி வண்டியை எடுக்கும்போது. இரண்டாவது தவணைக்கு முன்பு நேரில் போய்ப் பார்த்ததுதான் இந்த முயற்சியிலேயே பயனுள்ள அரை நாள். சாம்பல் நிறப் பிரைமரின் மேல் கறுப்புப் பெயிண்டைப் புகைபோல மெலிதாகத் தூவி, அது காய்ந்த பிறகு 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, கட்டையில் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேடெல்லாம் சாம்பலாகிவிட, ஓட்டுநர் பக்கக் கதவின் நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் தேயாமல் நின்றது. "கறுப்பு எங்க நிக்குதோ அங்க பள்ளம் சார்" என்று அண்ணன் காட்டினார். எனக்கு அது வரை அந்தக் கதவில் பள்ளம் இருப்பதே தெரியாது. அந்த இடத்தில் மறுபடியும் பட்டி பார்த்து, மறுபடியும் தேய்த்து, கடைசியாக 800 எண் தாளால் முழு வண்டியையும் தேய்த்து முடிக்க நான்கு நாட்கள் ஆயின. பெயிண்ட் அடிக்க ஆனதோ ஒரே ஒரு காலைப் பொழுது.

அந்தக் காலைப் பொழுதிலும் ஒரு சோதனை வந்தது. தகர ஷெட்டில் தார்ப்பாய் கட்டி, தூசு எழும்பாமலிருக்கத் தரையை நனைத்து, மாலையில் இடிமழை வரும் என்பதால் ஏழு மணிக்கே தொடங்கினார்கள். ஐசோசயனேட் என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்த ஹார்டனரின் நெடியில் அண்ணன் கைக்குட்டையை மட்டும் மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பது வழக்கம் என்று தெரிந்ததால், கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். சிறிது நேரம் அணிந்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று ஆணியில் மாட்டிவிட்டார். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம். கூரை நன்றாக வந்தது. பானெட்டில் முதல் கோட்டு விழுந்த உடனேயே பெயிண்ட் ஆங்காங்கே விலகி, கீழே பிரைமர் தெரியும்படி சிறுசிறு வட்டக் குழிகள் தோன்றின. அண்ணன் ஸ்ப்ரே கன்னை இறக்கிவிட்டு, "வண்டிக்கு என்னமாச்சும் பாலிஷ் போட்டீங்களா சார்?" என்று கேட்டார். போட்டிருந்தேன். டாஷ்போர்டுக்கு வாங்கிய சிலிக்கான் பாலிஷைப் பானெட்டின் வெளிறல் மறையட்டும் என்று மாதக்கணக்கில் தேய்த்தவன் நான்தான். தேய்த்த பிறகும் எங்கோ மிஞ்சியிருந்த அந்தச் சிலிக்கான், பெயிண்டை ஒட்டவிடாமல் தள்ளியிருக்கிறது. ஈரத்திலேயே தின்னர் துணியால் பானெட் முழுவதையும் துடைத்தெடுத்து, மறுநாள் தேய்த்து, மீண்டும் பிரைமர் அடித்து, மூன்றாம் நாள் பானெட்டை மட்டும் தனியாக அடித்தார்கள். அதற்கு அவர் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை; முன்பே சொல்லியிருந்தால் முதலிலேயே நன்றாகக் கழுவியிருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

பத்து நாளில் முடியும் என்ற வேலை பத்தொன்பது நாளில் முடிந்தது. வலப்பக்கப் பின்கதவில் பெயிண்ட் ஓர் இடத்தில் கண்ணீர்த்துளி போல் வழிந்து உறைந்திருந்ததையும், கூரையில் ஒரு கொசு சிக்கியிருந்ததையும் சுட்டிக்காட்டினேன். இரண்டையும் 2000 எண் தாளால் தேய்த்து, கம்பவுண்டு போட்டுச் சரிசெய்தார்கள். ஒரு மாதத்துக்கு வாக்ஸ் எதுவும் போட வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவினால் போதும் என்று எச்சரித்தார்கள். மீந்திருந்த ஹார்டனர் கலக்காத பெயிண்டை ஒரு கண்ணாடிப் புட்டியில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சேசிஸ் எண் பொறித்த இடத்தில் பெயிண்ட் துளிகூடப் படக்கூடாது என்று முதல் நாளே சொல்லி, துணி போட்டு மூடச் செய்திருந்தேன். புதுப்பிப்புக்கு அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், அந்த முன்யோசனை உதவியது. ஆய்வாளர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார், ரன்னிங் போர்டைக் குனிந்து பார்த்தார், காகிதங்களில் கையொப்பமிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போதும் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் புது வண்டி போலத்தான் இருக்கிறது. பக்கத்தில் வந்தால் பானெட்டின் வெள்ளைக்கும் கூரையின் வெள்ளைக்கும் இடையே ஒரு மயிரிழை வித்தியாசம் எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. வெல்டிங் செய்த இடம் இரண்டு மழைக்காலங்களைத் தாண்டி உறுதியாக நிற்கிறது. பெயர்ந்தது ஒரே இடத்தில்தான்: 1,200 ரூபாயை மிச்சம் பிடித்த முன்கண்ணாடி பீடிங்கின் ஓரம். ரப்பருக்கு அடியில் தேய்க்காமல் விட்ட விளிம்பிலிருந்து, முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே பெயிண்ட் செதில் செதிலாக எழும்பத் தொடங்கியது. மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டிவிட்டு, புட்டியிலிருந்து தொட்டுத் தூரிகையால் பூசி வருகிறேன். புட்டியில் இப்போது பாதிதான் இருக்கிறது.