எர்த் இல்லாத வீட்டில் ஒரு சி.என்.சி.

மார்ச் 3, ஞாயிறு

கணினிக் கட்டளைப்படி மரம் செதுக்கும் என் சி.என்.சி. இயந்திரத்தில், நிலைக்கதவின் மேற்பலகைக்கான பூவேலையை இன்று மூன்றாம் முறையாகப் பாதியில் நிறுத்தினேன். வெட்டும்போது பிசகாத கருவி, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரைந்து நகரும்போது மட்டும் எக்ஸ் அச்சில் இரண்டு மில்லிமீட்டர் பின்தங்கிவிடுகிறது. பலகையோ காரைக்குடியில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து வாங்கிய பர்மாத் தேக்கு. கெட்டுப்போனால் இன்னொன்றுக்கு எங்கே போவது? மோட்டாரையும் அதற்கு மின்னோட்டம் ஊட்டும் டிரைவர் என்ற மின்னணுப் பெட்டியையும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதாக இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

மூன்று மோட்டார்களையும் ஓடவிட்டு அளந்தேன். வீட்டு மின்சாரத்தை 36 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் முனையில் 36.0 சற்றும் குறையாமல் நிற்கிறது. ஆனால் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் டிரைவரின் முனையில் 32.9 தான் வருகிறது. இயந்திரம் சும்மா நிற்கும்போது இரண்டும் ஒன்றாகவே காட்டியதால்தான் இத்தனை நாளும் ஏமாந்திருக்கிறேன். மோட்டார் வேகமாகச் சுழலும்போது சுருளுக்குள் மின்னோட்டம் ஏறக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்துக்குள் அதை ஏற்றிவிடுவது வோல்ட்டேஜ்தான் என்பதால், அது குறைந்தால் விரைந்த நகர்வில்தான் முதலில் விசை தளரும்.

மீட்டரின் ஒரு முனையை வயரின் செம்பிலும் மறுமுனையை அதை இறுக்கும் திருகிலும் வைத்தேன். அந்த ஒரு விரற்கடையில் மட்டும் 2.7 வோல்ட். பிளாஸ்டிக் கட்டை பழுப்பேறி, கருகிய நாற்றம் அடித்தது.

மார்ச் 6, புதன்

குற்றம் என்னுடையது. பல இழை வயரின் நுனி பிரியாமலிருக்க ஈயம் பற்றவைத்துத் திருகுக்கடியில் சொருகியிருந்தேன். ஈயம் மென்மையானது, திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிப் பரவ, பிடி தளர்ந்துவிடுகிறது. மோட்டார் வயரில் இப்படித் தளர்ந்து விட்டு விட்டுத் தொட்டிருந்தால் டிரைவரே போயிருக்கும். எல்லா நுனிகளையும் வெட்டியெறிந்து, ஃபெர்ரூல் என்ற சிறு உலோகக் குழலை மாட்டி, இடுக்கியால் நசுக்கி இறுக்கினேன். வயரையும் 0.75 சதுர மில்லிமீட்டரிலிருந்து 1.5 ஆக மாற்றினேன். இப்போது டிரைவரில் 35.8.

மார்ச் 9, சனி

அச்சுப் பிசகு தீர்ந்தது. ஆனால் வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாரை, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. முடுக்கியவுடனே, அச்சின் எல்லையை உணர்த்தும் எந்த லிமிட் சுவிட்சும் தொடப்படாமலே, இயந்திரத்தை இயக்கும் ஜி.ஆர்.பி.எல். மென்பொருள் எல்லை தொட்டதாக 'அலாரம் 1' காட்டி நின்றுவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நின்று இயந்திரத்தின் உலோகச் சட்டத்தைத் தொட்டபோது புறங்கையில் சுருசுருவென்று இழுத்தது. மீட்டரில் சட்டத்துக்கும் தரைக்கும் இடையே 112 வோல்ட்.

எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு ஒவ்வொரு சிறு கெபாசிட்டர் இருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால் அந்த உலோகக் கூடு, அதைத் தொட்டிருக்கும் சட்டம் இரண்டும் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும்.

மார்ச் 10, ஞாயிறு

வயரிங் அண்ணன் வந்து சாக்கெட்டைக் கழற்றினார். "தம்பி, இந்தத் துளைக்குப் பின்னால ஒண்ணுமே இல்லையே!" என்றார். ஐயா காலத்தில் தேக்குச் சட்டத்துக்குள் ஓடவிட்ட இரண்டே வயர்கள். மூன்று துளை சாக்கெட் பிற்காலத்தில் வந்தது, எர்த் வயர் வரவேயில்லை. குழந்தைகள் நடமாடும் இரண்டாம் கட்டில் இத்தனை காலமும் இப்படி இருந்ததை எண்ண நெஞ்சு பதறுகிறது.

மார்ச் 14, வியாழன்

பின்கட்டுச் செம்மண்ணில் எட்டடிக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காய் நிரப்பித் தண்ணீர் ஊற்றினோம். மின்கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தியாயிற்று. சட்டத்தில் வோல்ட்டேஜ் இப்போது இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

எர்த் வந்தபிறகும் அலாரம் அவ்வப்போது எட்டிப்பார்த்தது. லிமிட் சுவிட்சுகளுக்கு, வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை கொண்ட ஷீல்டு கேபிள் இழுத்து, ஷீல்டைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த்தில் இணைத்தேன். எப்போதும் மூடியிருந்து தொட்டால் திறக்கும்படி சுவிட்சுகளின் இணைப்பை மாற்றி, அதற்கேற்ப மென்பொருளில் சுவிட்சின் நிலையைத் தலைகீழாகப் படிக்கச் சொல்லும் ஐந்தாம் எண் அமைப்பையும் 1 ஆக்கினேன். இனி வயர் அறுந்தாலும் இயந்திரம் தானே நின்றுவிடும்.

மாலையில் பலகையை ஏற்றினேன். நான்கு மணி நேரம் ஓடி முடித்து, தொடக்கத்தில் பென்சிலால் இட்ட கூட்டல் குறியின் நடுவிலேயே கருவியின் முனை வந்து நின்றது.